சென்னையின் கரண்ட் பில்லும் கரிமக் கணக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை மாநகராட்சி 2023 ஜூன் மாதம் ஒரு காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டது. 2050-க்குள் நகரத்தின் நிகரக் கரிம உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்பது அதன் இலக்கு. அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் வண்டிப் புகை, பிளாஸ்டிக், மரம் நடுவது என்று போய்விடுகிறது. ஆனால் கணக்கின் பெரும்பகுதி கரண்ட் மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. நண்பர்களும் குடியிருப்புச் சங்கத்தில் உள்ளவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சென்னை ஒரு வருஷத்துக்கு எவ்வளவு கரிம வாயு வெளியிடுகிறது?

செயல்திட்டம் எடுத்துக்கொண்ட அடிப்படை ஆண்டு 2018-19. அந்த ஆண்டில் 1 கோடியே 43 லட்சத்து 80 ஆயிரம் டன். ஆளுக்குப் பிரித்தால் சுமார் 1.9 டன். இதில் 71 சதவீதம் கட்டடங்களும் தொழிற்கூடங்களும் எரிக்கிற ஆற்றலால், முக்கியமாக மின்சாரத்தால் வருவது. போக்குவரத்து 16 சதவீதம், குப்பையும் கழிவுநீரும் 13 சதவீதம்.

இது முழுக்க கார்பன் டை ஆக்சைடா?

இல்லை. மீத்தேன் மாதிரி வேறு வாயுக்களும் உண்டு. அவற்றை எல்லாம் கார்பன் டை ஆக்சைடின் அளவுக்கு மாற்றிக் கூட்டியிருக்கிறார்கள். ஒரு டன் மீத்தேன் நூறு ஆண்டுக் கணக்கில் ஏறத்தாழ 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம் என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

சென்னை என்றால் எதுவரை?

மாநகராட்சி எல்லை வரை. 2011-இல் விரிவாக்கிய பிறகு 426 சதுர கிலோமீட்டர், 15 மண்டலங்கள், 200 வார்டுகள். தாம்பரமும் ஆவடியும் தனி மாநகராட்சிகள், அவை இதில் வராது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளும் சிறுசேரி சிப்காட்டும் வெளியே. சோழிங்கநல்லூர் உள்ளே. ஆக ஓ.எம்.ஆர். சாலையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அலுவலகங்களில் ஒன்று கணக்கில் இருக்கும், அடுத்தது இருக்காது. நாம் பேச்சுவழக்கில் சென்னை என்று சொல்லும் ஊர் இதைவிடப் பெரியது, அதை முழுதாக எண்ணினால் தொகை இன்னும் கூடும். 'சென்னையின் உமிழ்வு குறைந்தது' என்று நாளைக்கு யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டியது, தொழிற்சாலை நிஜமாகவே திருந்தியதா இல்லை எல்லையைத் தாண்டி வெளியே குடிபோனதா என்றுதான்.

அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகை எந்தக் கணக்கில் வருகிறது?

பலரும் தடுமாறுகிற இடம் இது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

நகரங்கள் கரிமக் கணக்குப் போட 2014-இல் ஒரு உலகளாவிய நெறிமுறை வந்தது. பெரிய நகரங்களின் கூட்டமைப்பான சி40, உள்ளாட்சிகளின் உலக அமைப்பான இக்லே, உலக வளங்கள் நிறுவனம் ஆகிய மூன்றும் சேர்ந்து உருவாக்கியது. அதன் விதிப்படி, எல்லா ஊர்களையும் இணைக்கும் கம்பி வலையான பொது மின்தொகுப்புக்கு மின்சாரம் கொடுக்கும் நிலையத்தின் புகையை நகரத்தின் மொத்தக் கூட்டுத்தொகையில் சேர்க்கக் கூடாது. நிலையம் நகர எல்லைக்குள்ளேயே இருந்தாலும் இதுதான் விதி. அந்த மின்சாரத்தை எந்த ஊர் பயன்படுத்துகிறதோ அந்த ஊரின் தலையில் எழுத வேண்டும். சேர்த்தால் ஒரே புகையை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். கணக்காக இது சரிதான்.

ஆனால் தரையில் நின்று பாருங்கள். அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் இரண்டு கட்டங்கள் 630, 1,200 மெகாவாட். 2024 மார்ச்சில் தொடங்கி வைத்த மூன்றாம் கட்டம் 800. பக்கத்தில் வல்லூரில் தேசிய அனல்மின் கழகமும் மாநில மின்வாரியமும் சேர்ந்து நடத்தும் நிலையம் 1,500. கூட்டினால் 4,130 மெகாவாட், எல்லாம் எண்ணூர்க் கழிமுகத்தைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள். பழைய எண்ணூர் நிலையம் 450 மெகாவாட், அதை 2017-இல் மூடிவிட்டார்கள். நிலக்கரி இறங்குவதற்கென்றே முதலில் கட்டிய துறைமுகமும் அங்கேதான். சாம்பலைக் குழம்பாக்கி அனுப்பும் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றிலும் பக்கிங்ஹாம் கால்வாயிலும் கலப்பதைப் பற்றி அங்குள்ள மீனவர்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு, விஷயம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

அண்ணா நகரில் ஓடும் ஏசியின் கரிமம் அண்ணா நகர்க்காரர் கணக்கில் ஏறுகிறது, அதுவரை நியாயம். சாம்பலும் இருமலும் மட்டும் எண்ணூரிலேயே தங்கிவிடுகின்றன, அவற்றுக்கு இந்தக் கணக்கில் பத்தியே கிடையாது. கரிமக் கணக்கைக் குறை சொல்லவில்லை, அது அளக்க வந்தது வேறு. ஆனால் நகரத்தின் ஆற்றல் செயல்பாட்டைப் பற்றிப் பேசும்போது எண்ணூரை விட்டுவிட்டுப் பேசுவது சரியாகப் படவில்லை.

புகை கக்கும் வண்டிகள் இத்தனை இருந்தும் போக்குவரத்து வெறும் 16 சதவீதமா?

ஆமாம், எனக்கும் முதலில் ஆச்சரியம்தான். காரணம் இரண்டு. சென்னையில் ஓடுபவற்றில் பெரும்பங்கு இருசக்கர வண்டிகள், அவை காரைவிடக் குறைவாக எரிக்கின்றன. அப்புறம் பஸ், ரயில். கடற்கரை-தாம்பரம் தடத்தில் 1931-லேயே மின்சார ரயில் ஓடியது, அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வண்டிப் புகை நம் மூக்குக்கு நேராக வருகிறது, கரண்டின் புகை எங்கோ போகிறது. நுரையீரலுக்கு எது கேடு என்று கேட்டால் வண்டிப் புகையை 16 சதவீதம் என்று ஒதுக்கவே முடியாது. காற்று மாசும் கரிமமும் வேறு வேறு கணக்கு. விமானப் பயணமும் இந்த 16-க்குள் இல்லை என்பதையும் ஞாபகம் வையுங்கள். மீனம்பாக்கத்தில் ஏறி வெளியூர் போகும் விமானத்தின் எரிபொருளை இந்த அடிப்படைக் கணக்குமுறை நகரத்தின் கூட்டுத்தொகையில் சேர்ப்பதில்லை.

ஒரு யூனிட் கரண்டுக்கு எவ்வளவு கரிமம்? என் வீட்டுக்கு எப்படிக் கணக்குப் போடுவது?

மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் இந்திய மின்தொகுப்புக்கு ஒரு சராசரி வெளியிடுகிறது. அண்மை ஆண்டுகளில் அது ஒரு யூனிட்டுக்கு 0.72 கிலோ கார்பன் டை ஆக்சைடை ஒட்டி இருக்கிறது. கம்பியில் வழியிலேயே போகிற இழப்பைச் சேர்த்தால் உங்கள் மீட்டரில் ஓடிய யூனிட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். அதை விட்டுவிட்டு 0.72 என்றே வைத்துக்கொள்வோம்.

இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் ஓடும் வீடு. 400 × 0.72 = 288 கிலோ. வருஷத்துக்கு ஆறு பில், 1,728 கிலோ.

சமையல் எரிவாயு: 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றை முழுக்க எரித்தால் சுமார் 42 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வருஷத்துக்கு எட்டு சிலிண்டர் என்றால் 336 கிலோ.

பைக்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 2.3 கிலோ. தினம் 20 கிலோமீட்டர், வருஷத்தில் 300 நாள், லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி என்றால் 133 லிட்டர், அதாவது 306 கிலோ.

மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பைக்கைப் போல ஐந்து மடங்குக்கு மேல் கரண்ட். இதே வீட்டில் கார் இருந்தால் கதை மாறும்: லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் கார் அதே தூரத்துக்கு 920 கிலோ கக்கும்.

முதல் 100 யூனிட் இலவசம்தானே?

2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். விலைதான் இல்லை, அந்த 100 யூனிட்டுக்கும் 72 கிலோ உண்டு. இதை வைத்து 'இலவசத்தை நிறுத்து' என்று வாதாடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இரண்டு மாதத்தில் 100 யூனிட்டுக்குள் முடித்துக்கொள்ளும் வீட்டில் ஒரு ஃபேன், ஒரு டிவி இருக்கும், அவ்வளவுதான். கட்டணத்தில் கவனிக்க வேண்டிய இடம் 500 யூனிட். அதைத் தாண்டினால் கணக்கிடும் அட்டவணையே வேறு, கீழ்ப் படிகளுக்கும் சேர்த்து விலை ஏறிவிடும். 490-இல் முடிந்த பில்லுக்கும் 510-இல் முடிந்த பில்லுக்கும் உள்ள வித்தியாசம் 20 யூனிட்டின் விலையை விட அதிகம்.

தமிழ்நாடு காற்றாலையில் பெயர் போன மாநிலம். அப்புறம் ஏன் நிலக்கரிக் கணக்கு?

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. மாநிலத்தில் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது. இதெல்லாம் நிஜம், வெறும் விளம்பரமில்லை.

சிக்கல் இரண்டு. ஒன்று, 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்ற தொகுப்போடு இணைந்தது. அன்றிலிருந்து இந்தியா முழுக்க ஒரே தொகுப்பு. ஆணையம் கொடுப்பது நாட்டுக்கான ஒரே சராசரி, அதில் சத்தீஸ்கரின் நிலக்கரியும் கலந்திருக்கிறது. உங்கள் வீட்டுக்கு வந்த யூனிட் முப்பந்தல் காற்றா வல்லூர் கரியா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இரண்டாவதுதான் பெரியது: நேரம். காற்று மே கடைசியில் பிடித்து செப்டம்பர் வரை அடிக்கும். சூரிய மின்சாரம் நண்பகலில் கொட்டும். சென்னைக்கு மின்சாரம் அதிகம் வேண்டியிருப்பது எப்போது? ஏப்ரல், மே மாதங்களில். அதிலும் இரவு பத்து மணிக்கு மேல், ஊரே படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஏசி போடும்போது. சூரியன் போய் நான்கு மணி நேரம் ஆகியிருக்கும், தென்மேற்குக் காற்று இன்னும் வந்திருக்காது. அந்த நேரத்தில் தாங்கிப் பிடிப்பது அனல்மின் நிலையங்கள்தான், கூட கொஞ்சம் நீர், அணு மின்சாரம். 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அதே மாதம் சென்னையின் தேவை மட்டும் 4,700 மெகாவாட்டைத் தாண்டியது.

பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க வழி இல்லாமல் இல்லை. கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் 1980-களின் கடைசியிலிருந்து இருக்கிறது. மின்சாரம் மிஞ்சும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு டர்பைனைச் சுற்றுவார்கள். அந்த மாதிரி நிலையங்களும் பேட்டரிகளும் பெருகாதவரை இன்னும் எத்தனை சூரிய மின் பலகை வைத்தாலும் சென்னையின் மே மாத இரவுக்குப் பெரிதாக உதவாது.

அப்படியானால் ஏசிதான் குற்றவாளியா?

ஏசியை விட்டொழியுங்கள் என்று சொல்ல மாட்டேன். மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டில் குழந்தையையோ வயதானவர்களையோ வைத்துக்கொண்டு இருப்பவரிடம் அதைச் சொல்வது அராஜகம்.

கணக்கு இதுதான். ஒன்றரை டன் ஏசி மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் இழுத்தால், இரவுக்கு எட்டு யூனிட், கிட்டத்தட்ட 5.8 கிலோ கரிமம். வருஷத்தில் 120 இரவுக்கு ஏறத்தாழ 700 கிலோ. ஏசியில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிஞ்சும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 ஜனவரியிலிருந்து விற்கிற ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்குவதும் அந்த அமைப்பு கொண்டுவந்த விதியால்தான். 18-இல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்கிற வழக்கத்தைப் பற்றி நான் என்ன சொல்ல.

ஏசிக்கு முன்னால் கூரையைப் பாருங்கள். பழைய மெட்ராஸ் வீடுகளில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்துக் கனமாகப் போட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். வெயில் உள்ளே இறங்க நேரம் பிடிக்கும். இப்போது வெறும் கான்கிரீட் தளம், அது பகலெல்லாம் குடித்த சூட்டை இரவெல்லாம் அறைக்குள் விடுகிறது. மாடியில் வெள்ளை ஓடு பதிப்பது, குளிர்ச்சி பெயின்ட் அடிப்பது எல்லாம் மேல்மாடி வீட்டுக்கு உடனே தெரிகிற வித்தியாசம் தரும்.

இன்னொரு சங்கதியை யாரும் பேசுவதில்லை. ஏசிக்குள் இருக்கும் வாயு. ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் சுமார் 2 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். மேலே கணக்குப் போட்டோமே, அந்த பைக்கை ஆறு வருஷத்துக்கு மேல் ஓட்டுவதற்கு ஈடு. ஆர்-32 என்றால் மூன்றில் ஒரு பங்கு, 675 கிலோ. வருஷா வருஷம் 'கேஸ் ஃபில் பண்ணணும் சார்' என்று மெக்கானிக் சொன்னால், போன வருஷம் அடைத்த கேஸ் எங்கே போனது என்று கேளுங்கள். மூடிய குழாய்க்குள் சுற்றும் வாயு அது, தீர்ந்துபோகாது, கசிந்தால்தான் குறையும். ஓட்டையை அடைக்காமல் மறுபடி நிரப்பச் சம்மதிக்காதீர்கள். இந்தக் கசிவு 71, 16, 13 என்ற மூன்று பங்கிலும் வராது, நெறிமுறையில் அதற்குத் தனிப் பிரிவு.

ஃபேன் மாற்றினால் ஏதாவது தேறுமா?

நன்றாகவே தேறும். பழைய ஃபேன் 75 வாட், இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டை ஒட்டி. தினம் 15 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கும் இது தோது, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம்.

குப்பைக்கு ஏன் 13 சதவீதம்?

கொடுங்கையூர், பெருங்குடி. இந்த இரண்டு குப்பை மேடுகளில்தான் நகரத்தின் குப்பை பல பத்தாண்டுகளாகக் குவிந்தது. தினமும் 5,000 டன்னுக்கு மேல் சேருகிறது, அதில் பாதிக்கு மேல் சாப்பாட்டுக் கழிவு, காய்கறி, இலைதழை. இவை மேட்டுக்கு அடியில் காற்றில்லாமல் அழுகும்போது மீத்தேன் கிளம்புகிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடியில் தீப்பிடித்து நாட்கணக்கில் எரிந்தது நினைவிருக்கும். அந்த மேடு இருப்பது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில். அதே 2022-இல் அந்தச் சதுப்பு நிலம் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது.

பழைய மேடுகளைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை நடக்கிறது, அது நல்லது. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலை என்ற திட்டத்தை அங்குள்ள மக்கள் எதிர்க்கிறார்கள், நான் அவர்கள் பக்கம். நம் ஊர்க் குப்பை ஈரமானது. ஈரக் குப்பையை எரித்தால் சூட்டில் கணிசமான பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், நன்றாக எரிவது பிளாஸ்டிக்தான், அது பெட்ரோலியம். வடசென்னையில் இன்னொரு புகைபோக்கி எழுப்புவதற்குப் பதில் ஈரக் குப்பையை வீட்டு வாசலிலேயே தனியாக வாங்கி உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்றுவது செலவு குறைந்த வழி. சேத்துப்பட்டில் ஈரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் நிலையம் இருக்கிறது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் சாக்கடையின் மீத்தேனைப் பிடித்து மின்சாரம் எடுத்து அங்கேயே பயன்படுத்துகிறார்கள். இது கிட்டத்தட்ட இருபது வருஷமாக நடக்கிறது, ஏனோ யாரும் பெருமையாகச் சொல்வதில்லை.

தண்ணீருக்கும் கரிமத்துக்கும் என்ன சம்பந்தம்?

சென்னையில் ரொம்பவே சம்பந்தம் உண்டு. மீஞ்சூரில் நாளைக்கு 10 கோடி லிட்டர், நெம்மேலியில் 10 கோடி, அங்கேயே 2024-இல் வந்த இரண்டாவது நிலையத்தில் 15 கோடி என்று கடல்நீரைக் குடிநீராக்கும் திறன் இருக்கிறது. ஆயிரம் லிட்டருக்குச் சுமார் மூன்றரை யூனிட் என்று வைத்தால், எல்லாம் முழுத்திறனில் ஓடும் நாளில் 12 லட்சம் யூனிட்டுக்கு மேல். அடுத்து பேரூரில் 40 கோடி லிட்டர் நிலையம், அதற்கு மட்டும் 14 லட்சம் யூனிட். 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த கோடையைப் பார்த்த ஊர் இது, கடல்நீர் நிலையமே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஏரியைத் தூர்வாரிக் கிடைக்கிற தண்ணீருக்கு அந்த மூன்றரை யூனிட் தேவையில்லை. ஏரியைக் காப்பதை மின்சாரச் சேமிப்பாகப் பார்க்கும் வழக்கம் நம் அலுவலகங்களில் இன்னும் வரவில்லை.

நிலக்கரி மின்சாரத்தில் சார்ஜ் ஆகும் வண்டியால் என்ன லாபம்?

லாபம் உண்டு. பெட்ரோல் ஸ்கூட்டர் கிலோமீட்டருக்கு 50 கிராம் என்றால், மின்சார ஸ்கூட்டர் 100 கிலோமீட்டருக்கு மூன்று யூனிட் வீதம், சார்ஜில் வீணாவதையும் சேர்த்து 25 கிராமை ஒட்டி வரும். இன்றைய நிலக்கரித் தொகுப்பிலேயே பாதி. பகலில் அலுவலகத்தில் சார்ஜ் போட்டால் இன்னும் நல்லது.

ஆனால் ஆளுக்கொரு மின்சார கார் என்பது வழியில்லை, மவுண்ட் ரோட்டில் நெரிசல் அப்படியேதான் இருக்கும். பஸ்தான் பலன் தரும். 2021 மே முதல் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது சமூகநீதித் திட்டமாக வந்தது, கரிமத் திட்டமாகவும் வேலை செய்கிறது. 2025 ஜூன் கடைசியில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து முதல் 120 மின்சார பஸ்கள் கிளம்பின.

மெட்ரோ?

2015-இல் கோயம்பேடு-ஆலந்தூர் என்று தொடங்கியது, முதல் கட்டம் விம்கோ நகர் வரை 54 கிலோமீட்டர். இரண்டாம் கட்டம் சுமார் 119 கிலோமீட்டர். கட்டும்போது போகிற சிமென்ட், இரும்பின் கரிமம் கொஞ்சநஞ்சமில்லை, ரயில் நிறைந்து ஓடினால்தான் அது ஈடாகும். ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்குப் போக நடைபாதை இல்லையென்றால் ரயில் நிறையாது.

மொட்டை மாடியில் சோலார் போடலாமா?

சொந்த வீடு, நிழல் விழாத மாடி என்றால் யோசிக்கவே வேண்டாம். சென்னையில் ஒரு கிலோவாட் தினம் சராசரியாக நான்கு யூனிட் தரும். மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம். அடுக்குமாடியில்தான் வம்பு: மாடி யாருக்குச் சொந்தம், துணி காயப்போடும் இடம் போய்விடுமா என்று ஆரம்பித்துச் சங்கக் கூட்டம் மூன்று முறை ஒத்திப்போகும். வழி, முதலில் லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குக்கான பொது மீட்டரோடு மட்டும் இணைப்பது. பராமரிப்புக் கட்டணம் குறைந்ததைக் கண்ணால் பார்த்த பிறகு எதிர்ப்பு தானாக அடங்கும்.

மரம் நட்டு ஈடுகட்ட முடியாதா?

வளர்ந்த மரம் ஒன்று வருஷத்துக்கு 20 கிலோ கரிம வாயுவை இழுக்கும் என்று தாராளமாகவே வைப்போம். 1.438 கோடி டன்னுக்கு 72 கோடி மரம் வேண்டும். 426 சதுர கிலோமீட்டரில் நட்டால் ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றரைக்கும் மேல் வரும், நாம் நிற்க இடமிருக்காது. மரம் நடுங்கள், நிழலுக்காக. தெருவில் நிழல் இருந்தால் நடப்பார்கள், சுவரில் நிழல் விழுந்தால் ஏசி குறைவாக ஓடும்.

ஆளுக்கு 1.9 டன் குறைவுதானே, நமக்கு ஏன் இந்தப் பாடு?

குறைவுதான். எரிபொருளால் வரும் கார்பன் டை ஆக்சைடை மட்டும் எடுத்தாலே உலக சராசரி ஆளுக்கு நாலரை டன்னுக்கு மேல். ஆனால் சராசரியை நம்பி உட்கார முடியாது. வியாசர்பாடியில் ஒற்றை ஃபேன் ஓடும் வீட்டையும், போட் கிளப் பக்கம் ஆறு ஏசி ஓடும் வீட்டையும் கூட்டி வகுத்தால் வருகிற எண் அது. முதல் வீட்டுக்காரர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பயன்படுத்த நியாயம் இருக்கிறது. அதற்கு இடம் விட வேண்டியவர் இரண்டாமவர்.

2050-இல் பூஜ்யம் நடக்குமா?

மாநகராட்சி நினைத்தால் மட்டும் நடக்காது. 71 சதவீதத்தின் சாவி மின்வாரியத்திடம் இருக்கிறது, 2024-இல் அதை மூன்றாகப் பிரித்து உற்பத்தி, பசுமை ஆற்றல், பகிர்மானம் என்று தனித்தனிக் கழகங்கள் ஆக்கியிருக்கிறார்கள். பஸ் மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம், மெட்ரோ இன்னொரு நிறுவனத்திடம், பெரிய கட்டட அனுமதி பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ.விடம். மாநகராட்சியின் கையில் நேரடியாக இருப்பவை குப்பை, தெருவிளக்கு, நடைபாதை, தன் சொந்தக் கட்டடங்கள், சிறிய கட்டடங்களின் அனுமதி. இந்தியா முழுமைக்கும் இலக்கு 2070. நகரம் இருபது வருஷம் முந்த வேண்டுமென்றால் தொகுப்பும் முந்த வேண்டும். கோட்டையிலும் டெல்லியிலும் முடிவாக வேண்டியதை ரிப்பன் மாளிகையின் இலக்காக எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து. அதற்காக மாநகராட்சியைச் சும்மா விடவும் கூடாது, அந்த 13 சதவீதத்தில் குப்பையின் பங்கு அதன் பொறுப்புதான்.

மொத்தத்தில் சென்னையின் செயல்பாடு நன்றா, மோசமா?

ஒரு வருஷத்து எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. 2018-19 ஒரு புகைப்படம் மாதிரி. முன்னேற்றம் தெரிய வேண்டுமானால் அதே முறையில், அதே எல்லைக்கு, வருஷம் தவறாமல் கணக்கு வெளிவர வேண்டும். நடுவில் மின்தேவை சாதனை மேல் சாதனையாக ஏறியிருக்கிறது, காற்றும் சூரியனும் கூடியிருக்கின்றன. எது எதை முந்தியது என்பது அந்தக் கணக்கில்தான் தெரியும்.

சாதாரண ஆள் யாரிடம் என்ன கேட்பது?

2022-இலிருந்து நகர்ப்புறங்களிலும் வார்டு கமிட்டியும் பகுதி சபையும் உண்டு. அங்கே போய் 'காலநிலை மாற்றத்துக்கு நடவடிக்கை எடுங்கள்' என்றால் மைக்கை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். குறிப்பாகக் கேளுங்கள். நம் வார்டில் ஈரக் குப்பை தனியாகப் போகிறதா, போனால் எந்த நிலையத்துக்கு, நாளைக்கு எத்தனை கிலோ? வார்டு அலுவலகம், மாநகராட்சிப் பள்ளி, சுகாதார நிலையம் இவற்றின் கடந்த ஆறு கரண்ட் பில் எவ்வளவு, மாடியில் சோலார் ஏன் இல்லை? ஸ்டேஷனிலிருந்து நம் தெரு வரை நடைபாதை எங்கே அறுந்து கிடக்கிறது? எந்தத் தெருவில் என்ன வேண்டும் என்பதை எழுத்தில் கொடுத்து, தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.